தாயாகி வந்தவன் செய்தது என்ன?



காவிரிக்கரை ஊர் ஒன்றிலிருந்து 74 வயது அம்மையார் ஒருவர் எழுதிய கடிதம் சென்ற மாதம் என் கைக்கு வந்தது. அவருடைய மகன் வயிற்றுப் பேத்தி தலைச்சன் பிள்ளையைச் சுமந்துகொண்டிருக்கிறாள். இப்போது எட்டாம் மாதம். பகலெல்லாம் சிரித்துப் பேசுகிற பெண் இரவில் உறங்குவதில்லையாம். ஒருநாள் நள்ளிரவில் பாட்டியின் கட்டிலருகே வந்து அமர்ந்து, "பாட்டி, உங்க அக்கா பிரசவத்தில்தானே போயிட்டாங்க? எனக்கும் அப்படி ஆகுமா?" என்று கேட்டிருக்கிறாள். பாட்டிக்கு விடை சொல்ல நா எழவில்லை.

வலி வருவதற்கு முன்பே அறுவைச் சிகிச்சை செய்துவிட வேண்டும் என்று அந்தப் பெண் இப்போது பிடிவாதமாக இருக்கிறாள். வீட்டாரும், "எப்படியும் அறுவைதான் என்றால் நல்ல நட்சத்திரத்தில் ஆகட்டுமே" என்று சோதிடரிடம் போய் இரண்டு நாள்களைக் குறித்து வாங்கி வந்திருக்கிறார்கள். "இந்த இரண்டில் எந்த நாள் உத்தமம் என்று தாங்கள் கூற வேண்டும். சுகப்பிரசவத்துக்குரிய சுலோகம் ஒன்றையும் எழுதியனுப்ப வேண்டும்" என்று அம்மையார் கேட்டிருந்தார்.

ஒரே கடிதத்தில் சுகப்பிரசவச் சுலோகத்தையும் கேட்டு, அறுவைச் சிகிச்சைக்கு நாளும் கேட்கிறார் என்று எவரும் நகைக்க வேண்டாம். அச்சம் வந்த வீட்டில் மனம் இப்படித்தான் இரு கரைக்கும் அலையும். இரண்டு வாரங்கள் அந்தக் கடிதத்தைப் பூசையறை அலமாரியிலேயே வைத்திருந்தேன். பதில் தெரியாததனால் அன்று. பதில் எழுத வேண்டுமானால் என் குற்றம் ஒன்றை முதலில் சொல்லியாக வேண்டும் என்பதனால்.

நான் செய்த பிழை

என் மகளின் வளைகாப்பு இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. உறவுப் பெண்கள் கூடியிருந்தார்கள். வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, கலந்த சாத வகைகளைப் பரிமாறி முடித்த பிறகு, வழக்கம்போல் பேச்சு பிரசவத்தைப் பற்றித் திரும்பியது. ஒருவர் தமக்கு நேர்ந்ததைச் சொன்னார். அடுத்தவர் அதைவிடப் பெரிதாக ஒன்றைச் சொன்னார். நான் மட்டும் சும்மா இருப்பேனா? என் மகளைப் பெற இரண்டு பகல் ஓர் இரவு நான் பட்ட பாட்டை, மருத்துவச்சி கைவிரித்ததை, என் தாயார் சாமிப் படத்தின்முன் விழுந்து அழுததை, ஒன்றுவிடாமல் எடுத்துரைத்தேன். போர்க்களத்திலிருந்து திரும்பிய வீரன் தன் தழும்பைக் காட்டுவதுபோல் எனக்கு அதில் ஒரு பெருமிதம் இருந்தது. "பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு" என்று சொல்லி முடித்தேன். மணைமேல் அமர்ந்திருந்த என் மகள் கைவளையலைத் திருகிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

அவளுக்கு வலி கண்ட இரவில் மருத்துவமனையின் பேற்றறை வாசலோடு என்னை நிறுத்திவிட்டார்கள். அக்காலத்தில் பல இடங்களிலும் அதுவே நடைமுறை. கதவுக்கு அப்பால் என் மகள் "அம்மா, அம்மா" என்று அழைத்தது கேட்டது. நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. விடியற்காலையில் அறுவைச் சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். அதற்கு மருத்துவக் காரணம் இருந்தது. என் பேச்சினால்தான் அப்படி ஆயிற்று என்று நான் கூற மாட்டேன். ஆனால் பத்து நாள் கழித்து, குழந்தையைத் தொட்டிலில் இட்டுவிட்டு என் மகள் சொன்ன சொல்லை இன்றும் மறக்க முடியவில்லை.

"அம்மா, வலியைக்கூடத் தாங்கிட்டேன். ஒவ்வொரு தடவை வலி வந்தபோதும் நீ வளைகாப்பன்னிக்குச் சொன்ன கதைதான் கண்ணுக்கு முன்னால வந்து நின்னுது. அதைத்தான் தாங்க முடியல."

துணையாக உள்ளே செல்ல வேண்டிய நான் வெளியில் நின்றேன். வெளியில் விட்டிருக்க வேண்டிய என் கதை உள்ளே சென்றிருந்தது. இதைத்தான் அந்த அம்மையாருக்கு எழுதத் தயங்கினேன். அவருடைய பேத்திக்குத் தம் தமக்கையின் கதையைச் சொன்னவர் யாராக இருக்கக்கூடும் என்பதை நான் கேட்க வேண்டியதில்லை அல்லவா?

மலைக்கோட்டையில் நிகழ்ந்தது

திருச்சிராப்பள்ளி மலைமேல் எழுந்தருளியிருக்கும் தாயுமானவரின் வரலாறு நம் எல்லோருக்கும் தெரிந்ததே. தெரிந்ததனாலேயே நாம் அதைக் கூர்ந்து எண்ணிப் பார்ப்பதில்லை.

இரத்தினாவதி என்னும் வணிகர் குலப் பெண் சிவபெருமானிடத்தில் ஆழ்ந்த பக்தி கொண்டவள். அவள் நிறைமாதமாக இருந்தபோது, பேறு பார்ப்பதற்காக அவளுடைய தாய் வேண்டிய மருந்துப் பொருள்களுடன் புறப்பட்டு வந்தாள். வழியில் காவிரி கரைபுரண்டு ஓடியது. அக்கரையில் தாய், இக்கரையில் வலி கண்ட மகள். அவள் இறைவனை நினைந்து அழுதாள். சற்று நேரத்தில் தாய் வந்து கதவைத் தட்டினாள். உடனிருந்து பேறு பார்த்தாள். குழந்தை பிறந்தது. தாயையும் சேயையும் அவளே பேணினாள். வெள்ளம் வடிந்த பின் உண்மைத் தாய் வந்து நின்றபோது வீட்டில் இரண்டு தாயர். முன்னே வந்தவள் மறைந்தாள். வந்தவர் இறைவனே என்று அப்போது உணர்ந்தார்கள். செவ்வந்திநாதர் தாயுமானவர் ஆனார். சித்திரைப் பெருவிழாவில் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்னும் பெயரில் இந்நிகழ்ச்சி இன்றும் அக்கோயிலில் நடித்துக் காட்டப்படுகிறது. கருவுற்ற பெண்களின் வீட்டார் வாழைத்தார் நேர்ந்துகொள்வதும், திருஞானசம்பந்தர் சிராப்பள்ளியில் பாடிய பதிகத்தைச் சுகப்பிரசவம் வேண்டி ஓதுவதும் வழிவழி வந்த வழக்கங்கள்.

இறைவன் இங்கே எதைச் செய்தார், எதைச் செய்யவில்லை என்று பாருங்கள். காவிரியை வற்றச் செய்திருக்கலாம், செய்யவில்லை. வலியே இல்லாமல் குழந்தையை அவள் மடியில் வைத்திருக்கலாம், அதுவும் செய்யவில்லை. முனிவராகவோ, மாட்டில் ஏறிய பெருமானாகவோ காட்சி கொடுத்திருந்தால் அவள் கைகூப்பியிருப்பாள். ஆயினும் அந்த நேரத்தில் அவளுக்குத் தேவைப்பட்டது தரிசனம் அன்று. முதுகைத் தடவிக் கொடுக்கும் கையும், "இதோ நான் இருக்கிறேன், பயப்படாதே" என்று சொல்லும் பழகிய குரலுமே தேவைப்பட்டன. முற்றும் உணர்ந்த இறைவன் அதை அறிந்து, தாயின் உருவத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேறுகால அச்சத்துக்கு மருந்து உடனிருக்கும் ஒரு மனிதத் துணை என்பதுதான் அத்தலத்தின் உபதேசம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அச்சம் உடம்பில் என்ன செய்கிறது?

இங்கிலாந்தைச் சேர்ந்த கிராண்ட்லி டிக்-ரீட் என்ற மருத்துவர் 1933-ஆம் ஆண்டில் இயற்கைப் பிரசவத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பெண்ணின் மனத்தில் அச்சம் புகுந்தால் உடம்பு இறுகுகிறது. உடம்பு இறுகினால் வலி மிகுகிறது. வலி மிகுந்தால் அச்சம் இன்னும் வளர்கிறது என்று அவர் ஒரு சுழலைக் காட்டினார். அவர் கூறியவை அனைத்தையும் இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. அச்சமே இல்லாவிட்டாலும் பிரசவ வலி வலிதான். ஆயினும் அச்சத்தால் வலி கூடும் என்பது உண்மை.

குழந்தையை வெளிக்கொணரக் கருப்பை சுருங்கி விரிவதற்கு ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு வேண்டும். பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற உணர்வில் அது நன்கு சுரக்கும். திகில் மிகுந்தாலோ, ஓடு அல்லது எதிர்த்து நில் என்று உடம்பைத் தூண்டுகிற அட்ரினலின் மேலோங்கி, கருப்பையின் வேலையைத் தடுமாறச் செய்யக்கூடும். பசு கன்று ஈனும்போது அந்நியர் யாரையும் தொழுவத்துக்குள் விடாமல், பழகியவர் மட்டும் அரவமின்றி நின்ற வழக்கம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வாயில்லாப் பிராணிக்குக் காட்டிய அந்தப் பரிவை வயிற்றுப் பேத்திக்குக் காட்ட வேண்டாமா?

17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பெற்ற 26 ஆய்வுகளை ஒருங்கே திரட்டி 2017-இல் மருத்துவ அறிஞர்கள் வெளியிட்டார்கள். பேறுகாலம் முழுவதும் இடைவிடாது ஒருவர் துணையிருந்த பெண்களுக்கு இயல்பான பிரசவம் கூடுதலாகவும், அறுவைச் சிகிச்சை குறைவாகவும், வலி நேரம் சற்றுச் சுருங்கியும் இருந்தன என்பது அதன் முடிவு. 2018-இல் உலக சுகாதார நிறுவனம், கருவுற்ற பெண் தானே விரும்பித் தேர்ந்த ஒருவர் பேற்றறையில் உடனிருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நம் நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் இதற்கு அனுமதி உண்டு. பிள்ளை பெற்ற அனுபவமுள்ள உறவுப் பெண் ஒருவர் உள்ளே இருக்கலாம். மறைவுக்கு வசதியுள்ள இடங்களில் கணவரும் இருக்கலாம். என்னை வாசலில் நிறுத்திய காலம் மாறிவிட்டது. தாயுமானவர் செய்து காட்டியதை மருத்துவ உலகம் ஆய்வு செய்து ஏற்றுக்கொண்டிருக்கிறது.

சுமைதாங்கிக் கற்கள்

நம் முன்னோரின் அச்சம் வீண் அச்சம் அன்று. பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி இளைப்பாற அது உதவும். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை நாட்டுவது நம் நாட்டு வழக்கம். அவள் இறக்கி வைக்க முடியாமற்போன சுமையை வழிப்போக்கராவது இறக்கி வைக்கட்டும் என்று அந்தக் குடும்பம் செய்த தர்மம் அது. ஊருக்கு ஊர் அக்கற்கள் நின்றன என்றால் எத்தனை வீடுகள் அழுதிருக்கும்!

அந்த அம்மையாரின் தமக்கையும் அவ்வாறு போனவரே. ஆனால் அது ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்ச்சி. அன்று இரத்தம் கொட்டினால் ஏற்றுவதற்கு இரத்தம் இல்லை, ஊர்தி இல்லை, இரத்த அழுத்தம் ஏறியதை முன்னறிய வழியில்லை. இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட இங்கே ஒரு இலட்சம் பிறப்புக்கு 134 தாய்மார் இறந்தார்கள். 2018–20 கணக்கின்படி அது 54 ஆகக் குறைந்துள்ளது. அந்த 54-ம் இல்லாமற்போக வேண்டும் என்பதே நம் வேண்டுதல். எனினும் தமக்கையின் காலம் வேறு, பேத்தியின் காலம் வேறு என்பதைப் பேத்திக்கு எடுத்துச் சொல்லக்கூடியவர், இரண்டு காலத்தையும் கண்ட பாட்டி ஒருவரே. "எங்க அக்காவுக்கு அன்னைக்கு இல்லாததெல்லாம் உனக்கு இன்னைக்கு இருக்கு, கண்ணு" என்று அவர் வாயால் சொன்னால் அதற்கு ஈடான சுலோகம் இல்லை.

ஒரு நாழிகைக்காக

இனி நாள் குறிக்கும் செய்திக்கு வருவோம். மலைக்கோட்டையில் நின்று பார்த்தால் காவிரிக்கு அப்பால் திருவானைக்காவின் கோபுரங்கள் தெரியும். அக்கோயிலோடு தொடர்புடைய கோச்செங்கட் சோழரின் பிறப்பையும் பெரியபுராணம் கூறுகிறது. முற்பிறவியில் அங்கே சிலந்தியாக இருந்து சிவனை வழிபட்டவர், சுபதேவர் என்னும் சோழ மன்னருக்கும் கமலவதிக்கும் மகனாகக் கருவில் வந்தார். பேற்று வேளை நெருங்கியபோது, இக்குழந்தை ஒரு நாழிகை கழித்துப் பிறக்குமாயின் மூவுலகையும் ஆளும் என்று சோதிடர் கூறினர். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். அரசி தன் கால்களைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடச் செய்தாள். அந்த நாழிகை கழிந்த பின் அவிழ்த்துவிட்டார்கள். கண்கள் சிவந்த குழந்தை பிறந்தது. "என் அரசே" என்னும் பொருள்பட ஒருமுறை அழைத்துவிட்டுத் தாய் உயிர் நீத்தாள்.

அவளுடைய தாயன்பை நான் குறை கூறவில்லை. மகனும் எழுபதுக்கும் மேற்பட்ட மாடக்கோயில்களை எடுப்பித்த அடியாராக விளங்கினார். ஆனால் பிறந்தவுடன் தாயை இழந்த அந்தக் குழந்தையை எண்ணிப் பார்க்கிறேன். இயற்கை வகுத்த நாழிகையை நாம் மாற்றத் துணிந்தால் அதற்கு யாரோ விலை கொடுக்கிறார்கள். இன்று நாம் நாழிகையைப் பின்தள்ளுவதில்லை, நாளையே முன்னிழுக்கிறோம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 குழந்தைகள் அறுவைச் சிகிச்சையால் பிறக்கின்றன. இந்திய அளவில் அது 21 அல்லது 22 தான். உயிர் காக்கச் செய்தவை அவற்றுள் பல. ஆனால் அச்சத்துக்காகவும் நட்சத்திரத்துக்காகவும் செய்தவையும் இல்லாமல் இல்லை என்பதை நாம் அறிவோம்.

மருத்துவக் காரணமின்றி 39 வாரங்கள் நிறைவதற்கு முன் அறுவை செய்து எடுத்த குழந்தைக்கு மூச்சுத் திணறல் ஏற்படும் வாய்ப்பு கூடுதல் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். நுரையீரல் முதிர்வதற்கு அந்தக் கடைசி வாரங்கள் வேண்டும். அம்மையாருக்குக் குறித்துக் கொடுத்த இரண்டு நாள்களில் முதலாவது, மருத்துவர் கணித்த தேதிக்கு மூன்று வாரம் முந்தையது. குழந்தைக்கு இராசி அமைய வேண்டும் என்று மூச்சுக்கு இடர் தேடலாமா? ஆண்டவன் கணக்கில் எந்த நாழிகையில் குழந்தை பிறக்கிறதோ அதுவே அதன் நல்ல நேரம். சாதகம் பிறந்த நேரத்தைக் கொண்டு கணிப்பதற்குரியது. சாதகத்தைக் கொண்டு பிறப்பை அமைப்பது முறையன்று.

கலசத்தில் காத்த தாய்

இவ்வளவு சொன்னதனால் அறுவைச் சிகிச்சையே தீது என்று யாரும் கொள்ளலாகாது. பாபநாசத்துக்கு அருகில் வெட்டாற்றங்கரையில் உள்ள திருக்கருகாவூரை நினையுங்கள். முனிவர் ஒருவரின் சாபத்தால் வேதிகை என்பவளின் கரு சிதைந்தது. அவள் அடைக்கலம் புகுந்தபோது கர்ப்பரட்சாம்பிகை அக்கருவை ஒரு கலசத்தில் ஏந்திக் காத்து, நிறைந்த குழந்தையாக்கி அவள் கையில் கொடுத்தாள். நைத்துருவன் என்பது அக்குழந்தையின் பெயர். வயிற்றில் வளர இயலாதபோது அம்பிகை கலசத்தில் வளர்த்தாள். குறைமாதக் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காக்கும் செவிலியரைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தக் கலசமே நினைவுக்கு வரும்.

ஆகையால் மருத்துவர் காரணம் காட்டி, "இயல்பாகப் பிறக்க விடுவது ஆபத்து" என்று சொன்னால் தயங்காமல் கையெழுத்திடுங்கள். அதன்பின் அந்தப் பெண்ணைப் பார்த்து, "நாங்களெல்லாம் வயல்வரப்பில் பெற்றுப் போட்டோம், உனக்கு வலி தாங்கத் தெரியவில்லை" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். தாயும் சேயும் நலமாகப் பிரிந்தால் எந்த வழியானாலும் அது சுகப்பிரசவமே. வலி குறைக்க ஊசி போட்டுக்கொள்வதும் இழுக்கன்று. அச்சம் எல்லை மீறி ஊணையும் உறக்கத்தையும் கெடுக்குமானால் அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதற்கும் ஆலோசனையும் மருந்தும் உண்டு.

ஒரு குறிப்பு: திருக்கருகாவூரில் மந்திரித்துத் தரும் விளக்கெண்ணெய் வயிற்றின் மேல் தடவுவதற்குரியது. வலியை வரவழைக்க வேண்டும் என்று மருத்துவரைக் கேளாமல் விளக்கெண்ணெய் குடிக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

வீட்டுப் பெரியவர்கள் செய்யத்தக்கவை

முதலாவது, நாவடக்கம். கருவுற்ற பெண் இருக்கும் இடத்தில் கெட்ட பிரசவக் கதைகள் வேண்டாம். வளைகாப்பில் வளையல் அடுக்கப் பிள்ளை பெற்ற பெண்களை அழைப்பது ஏன்? "இத்தனை பேர் பெற்று நலமாக இருக்கிறோம், நீயும் பெறுவாய்" என்று அவள் கண்ணால் காண்பதற்காகத்தான். அந்தச் சடங்கின் கருத்தை நம் பேச்சினால் கெடுக்கக்கூடாது.

இரண்டாவது, அவள் பேசட்டும்; நாம் கேட்போம். "அசட்டுத்தனமாகப் பேசாதே" என்று வாயை அடைத்தால் அச்சம் உள்ளே போய்க் குடியிருக்கும். "எதை நினைச்சுப் பயப்படறே, சொல்லு" என்று கேட்டாலே பாதி கரைந்துவிடும்.

மூன்றாவது, உணவு. "நிறையச் சாப்பிட்டால் குழந்தை பருத்துப் பிரசவம் கடினமாகும்" என்று சோற்றைக் குறைப்பது தவறு. இரும்புச்சத்து மாத்திரையால் குழந்தை கறுக்கும் என்பதும் ஆதாரமற்றது. இரத்தசோகையுள்ள பெண்ணுக்குப் பேற்றில் சிறிது இரத்தம் போனாலும் ஆபத்து. கீரை, பருப்பு, பால், பழம் ஆகியவற்றோடு மாத்திரைகளையும் நாள் தவறாமல் கொடுங்கள்.

நான்காவது, நடை. மருத்துவர் தடுக்காதவரை மாலையில் கோயில் பிராகாரத்தில் நிதானமாக நடப்பது மிக நன்று. மலைக்கோட்டைப் படிகளை அவள் ஏற வேண்டியதில்லை. கீழே மாணிக்க விநாயகரை வணங்கினாலே போதும். வாழைத்தார் வேண்டுதலைப் பிள்ளை பிறந்த பிறகு வீட்டார் செலுத்தலாம்.

ஐந்தாவது, மூச்சு. நாள்தோறும் விளக்கேற்றியபின் பத்து நிமிடம் அவளோடு அமர்ந்து, மூச்சை மெல்ல இழுத்து, விடும்போது இறைவன் பெயரை நீட்டிச் சொல்லப் பழக்குங்கள். வலி வரும் வேளையிலும் அதே பழக்கம் கைகொடுக்கும். வலி இடைவிடாத ஒன்றன்று. அலைபோல் எழும்; உச்சிக்கு ஏறும்; தணியும்; நடுவே ஓய்வு தரும். தலைப்பிரசவத்தில் வலி நன்றாகப் பிடித்த பின்னும் பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகலாம். இதை முன்பே அறிந்த பெண், "ஏதோ கேடு நேர்ந்துவிட்டது" என்று கலங்க மாட்டாள்.

ஆறாவது, இடமும் துணையும். ஒன்பதாம் மாதம் பிறப்பதற்கு முன்பே மருத்துவமனைக்கு ஒருமுறை சென்று பேற்றறையைப் பார்த்து வரட்டும். உள்ளே யார் துணையிருப்பது என்பதை அவளே முடிவு செய்யட்டும். அழாதவராக, அடங்கிய குரலில் பேசுபவராக அவர் இருப்பது நலம்.

ஏழாவது, விழிப்பு. இரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், கடுந்தலைவலியோடு கண் மங்கல், வலிப்பு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் இராகு காலம், எமகண்டம் பார்க்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

அம்மையாருக்கு எழுதிய விடை

இவற்றையெல்லாம் சுருக்கி அந்த அம்மையாருக்கு எழுதினேன். "குறித்த இரண்டு நாள்களையும் இறைவன் திருவடியில் வைத்துவிடுங்கள். நாளை மருத்துவரிடம் போகும்போது பேத்தியோடு நீங்களும் போங்கள். அச்சத்தை மறைக்காமல் அவரிடம் சொல்லச் செய்யுங்கள். எப்படிப் பெறுவது என்பதை அவரும் அவளும் கலந்து முடிவு செய்யட்டும். சுலோகம் கேட்டீர்கள். 'தாயுமானவா' என்ற பெயர் போதும். ஆனால் அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுத் தூரத்தில் நிற்காமல், அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவளோடு சேர்ந்து சொல்லுங்கள்" என்று எழுதினேன்.

அறுவையில் பிறந்த என் பேத்திக்கு இப்போது வயது இருபத்து மூன்று. இன்னும் சில ஆண்டுகளில் அவளும் மணைமேல் அமர்ந்து வளையல் அடுக்கிக்கொள்வாள். அன்று என்னிடம் யாரேனும் பழைய கதையைக் கேட்டால் இந்த மலைக்கோட்டைக் கதையை மட்டும் சொல்வதென்று முடிவு செய்திருக்கிறேன். உள்ளே வரச் சொன்னால் போவேன். என் முழங்கால் இடம் கொடுக்கும் வரை அவள் முதுகைத் தடவிக்கொண்டு நிற்பேன்.

தாயும் ஆகி நின்ற பெருமான், உங்கள் இல்லங்களில் சூல் கொண்ட பெண்கள் எல்லோருக்கும் துணையிருப்பாராக.